உள்ளூர் விளம்பரச் செலவு: தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில ஏ9 வீதியோரம் பிரான்சைஸ் எடுத்து, அதாவது ஒரு கொம்பனியின்ர பேரில கடை நடத்துற உரிமை வாங்கி, ஒரு பேக்கரி நடத்துறன். மாத விற்பனையில 2 வீதம் கொம்பனியின்ர பொது விளம்பர நிதிக்குப் போகுது. அதைவிட இன்னொரு 2 வீதத்தை நானே ஊருக்குள்ள விளம்பரத்துக்குச் செலவழிச்சு, பற்றுச்சீட்டு அனுப்ப வேணும். செலவழியாத மிச்சமும் அவைக்குத்தான்.

எங்கட சனம் பேஸ்புக் பார்த்துப் பாண் வாங்க வாறேல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடைப்பேரில தண்ணிப்பந்தல் போட்டன். ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டி பரந்தன், தருமபுரம் எல்லாம் சுத்தினன். ஓட்டோத் தம்பி கொப்பித் தாளில "5000 கிடைச்சது" எண்டு எழுதித் தந்ததைக் கொம்பனி ஏற்கேல்லை. தண்ணிப்பந்தல் விளம்பரமில்லையாம், நன்கொடையாம்!

இப்பிடியான செலவுக்கு முன்கூட்டியே எழுத்தில அனுமதி எடுத்த ஆக்கள் இருக்கிறீங்களோ? கடிதத்தில என்ன எழுதினனீங்கள்? மாதமுடிவுக்கு முதல் கணக்கு அனுப்ப வேணும்.