விங் கமாண்டருக்கு மறுபடியும் வலது இருக்கை

முன்னாள் ஏஎன்-32 விமானி, கோயம்புத்தூர்:

விமானப் படையில் 21 வருடம் இருந்து, விங் கமாண்டர் என்ற அதிகாரிப் பதவியோடு வெளியே வந்து, 44 வயதில் ஒரு பயணிகள் விமான நிறுவனத்தில் உதவி விமானியாகச் சேர்ந்தவன் நான். சூலூரில் ஏஎன்-32 என்ற போக்குவரத்து விமானம் ஓட்டினேன். அங்கே 28 வயதிலேயே நான் கேப்டன். இங்கே தோளில் மூன்று பட்டை, வலது பக்க இருக்கை. கேப்டனுக்கான நான்காவது பட்டைக்கு நாலரை வருடம் ஆனது. அதிலும் முதல் தேர்வில் தோற்றேன். இதே வழியில் வந்தவர்களும், எங்களைப் போன்றவர்களோடு பறந்தவர்களும், வீட்டிலிருந்து பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் இனி வரும் தம்பிகளுக்கு உதவும். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

முதலில் படிப்பு. பயணிகள் விமானத்தில் கேப்டனாகத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருந்தது. ஆனால் வானிலையியல், வழிசெலுத்தல், விமான விதிமுறைகள் என்று தேர்வுகளை எல்லோரையும் போல எழுதித்தான் ஆக வேண்டும். குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் மகன் பத்தாம் வகுப்புக்குப் படிப்பான், எதிர்ப்பக்கம் நான் மேகங்களின் வகைகளை மனப்பாடம் செய்வேன்.

கையால் ஓட்டுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பத்தாயிரம் அடிக்கு மேல், சுற்றிலும் மலைகள் சூழ்ந்த லே ஓடுபாதையில் இறங்கிப் பழகிய கை இது. சிரமம் காதில்தான் இருந்தது. ஏஎன்-32இல் இரண்டு விமானிகளோடு வழி சொல்லும் நேவிகேட்டர் இருப்பார், இன்ஜின்களைக் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர் இருப்பார். ஏர்பஸ் 320இல் இருவர் மட்டுமே. ஆரம்ப மாதங்களில் இறங்கத் தொடங்கும்போதெல்லாம் நேவிகேட்டரின் குரலுக்காக என் காது தானாகக் காத்திருக்கும். அந்தக் குரல் வராது. அவர் வேலையைக் கணினி செய்கிறது. அது சொல்வது சரிதானா என்று பார்க்க வேண்டியது எங்கள் இருவரின் வேலை.

ஒருநாள் எனக்குக் கேப்டனாக வந்தவர் திருநெல்வேலிப் பெண், முப்பது வயதுதான் இருக்கும். சென்னையில் இறங்கும்போது வேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பார்த்தேன். கேப்டனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன். அவரே கவனித்துச் சரிசெய்துவிட்டார். இறங்கியதும் பயணிகள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து சொன்னார்: "சார், வேகம் கூடுனதை நீங்க பாத்தீங்கல்ல? அப்ப வாய் திறந்து சொல்லிரணும் சார். மரியாதைக்காகச் சும்மா இருந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் ஆபத்து." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தால் இல்லை, அவர் சொன்னது அவ்வளவு சரி.

சரி, தேர்வில் தோற்ற கதை. விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் முதல் முறையாகக் கேப்டனின் இடது இருக்கை. மேலே ஏறும்போதே இன்ஜினில் தீ. விமானத்தை ஓட்டுவது ஒருவர், திரையில் வரும் நடைமுறைகளைப் படித்துச் செய்வது மற்றவர் என்பதுதான் முறை. நான் ஓட்டிக்கொண்டே படித்தேன், படித்துக்கொண்டே சுவிட்சுக்கும் கை நீட்டினேன். கட்டுப்பாட்டு அறையோடும் நானே பேசினேன். சில நிமிடங்களில் சுற்றி வந்து அழகாக இறக்கினேன். தேர்வாளர் விளக்கைப் போட்டுவிட்டுக் கேட்டார்: "காற்று திசை மாறிடுச்சுன்னு பக்கத்துல இருந்த பையன் ரெண்டு தடவை சொன்னான். உங்க காதுல விழுந்துச்சா?" விழவில்லை. சத்தியமாக விழவில்லை.

மேலே இருப்பவரிடம் பேசத் தயங்கியதும், பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்காததும் ஒரே பழக்கம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது வாய்ப்பு. இந்த முறை, பிரேக் முதலியவற்றை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு. ஓர் இடத்தில் வட்டமடிக்க அனுமதி வாங்கினேன். எரிபொருளைப் பார்த்தோம், யோசிக்க இருபது நிமிடம் கையில் இருந்தது. என் முடிவைச் சொல்வதற்கு முன் உதவி விமானியிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். நான் யோசித்திராத ஒன்றை அவர் சொன்னார்: நீளம் அதிகமான ஓடுபாதை உள்ள வேறு விமான நிலையம். அங்கேயே போனோம். தேர்ச்சி பெற்றேன்.

பயிற்சி கேப்டன், சென்னை:

நான் படையிலிருந்து வந்தவன் இல்லை. ஆனால் அப்படி வந்த பலரைக் கேப்டன் பதவி உயர்வுக்குத் தயார் செய்திருக்கிறேன். ஒழுங்கு, தயாரிப்பு, பதற்றமின்மை இந்த மூன்றிலும் அவர்களுக்கு இணை இல்லை என்பதை மனமாரச் சொல்கிறேன். அவர்களுக்குக் கடினமாக இருப்பது இறங்காமல் திரும்பிப் போவது. கொடுத்த வேலையை முடிக்காமல் வருவதை மனம் ஏற்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் காற்றில் சென்னையில் ஒரு விமானம் தரையைத் தொடும் நேரத்தில் மறுபடி மேலேறிய காணொளியைப் பார்த்திருப்பீர்கள். மேலேறியதைத் தோல்வியாக எண்ணாதவர்தான் இடது இருக்கைக்குத் தயாரானவர்.

வகுப்பில் நான் கோழிக்கோடு விபத்தைப் பற்றிப் பேசாமல் விடுவதில்லை. 2020 ஆகஸ்ட் 7, மழை இரவு, 21 உயிர்கள். கேப்டன் விமானப் படையில் சோதனை விமானியாக இருந்தவர், மிகுந்த அனுபவசாலி, அவரும் அன்று இறந்தார். விமானம் ஓடுபாதையின் பாதியை நெருங்கித்தான் தரையைத் தொட்டது. உதவி விமானி நிலைமையை உணர்ந்தும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை என்றும், இருவருக்கும் இடையிலிருந்த அதிகார இடைவெளி அதற்கு ஒரு காரணம் என்றும் விசாரணை அறிக்கை சொல்கிறது. இறந்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்தப் பின்னணியிலிருந்து வந்த கேப்டனுக்கும் இது நேரலாம். ஆனால் விங் கமாண்டராக இருந்தவர் பக்கத்தில் 24 வயதுப் பையன் உட்காரும்போது அந்த இடைவெளி ஏற்கனவே அங்கே இருக்கிறது. அதைக் குறைக்க வேண்டியது கேப்டன்தான், பையனால் முடியாது.

என் மாணவர் ஒருவர் இப்போது கேப்டன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் உதவி விமானியிடம் சொல்வாராம்: "நான் தப்புப் பண்ணா சொல்லுங்க. ரெண்டாவது தடவையும் நான் கேக்கலைன்னா கண்ட்ரோலை எடுத்துக்குங்க. அப்புறம் பேசிக்கலாம்."

முன்னாள் மிக்-21 விமானி:

போர் விமானத்திலிருந்து வருபவர்களுக்கு மணிக் கணக்கே பெரிய பிரச்சினை. ஒரு முறை மேலே போனால் முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். போக்குவரத்து விமானக்காரர் ஒரே நாளில் சேர்ப்பதைச் சேர்க்க எங்களுக்கு ஒரு வாரம் ஆகும். உரிமத்துக்கு இரவுப் பறப்பையும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறப்பையும் தனியாகக் காட்ட வேண்டும், எனக்கு அங்கேதான் இடித்தது.

இன்னொன்று, வெளியே யாரும் பேசாதது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டுவது அடிவானக் கருவி. மிக்-21இல் அதில் விமானச் சின்னம் சாயும். ஏர்பஸ், போயிங்கில் அடிவானக் கோடு சாயும். பகலில் ஒன்றும் தெரியாது. இரவில், மேகத்துக்குள், களைப்பில் இருக்கும்போது பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். சிமுலேட்டரில் ஒரே ஒரு முறை தவறான பக்கம் திருப்பினேன். அன்றிலிருந்து இரண்டு மாதம், தினமும் கருவியின் படத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்தேன். 2008இல் ரஷ்யாவின் பெர்ம் நகரில் 88 பேரைப் பலிவாங்கிய போயிங் 737 விபத்திலும் இந்த வேறுபாடு பேசப்பட்டது. வெட்கப்படாமல் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள் தம்பிகளே.

கடற்படை விமானியின் மனைவி, அரக்கோணம்:

வீட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன். ராஜாளி தளத்தில் இருந்தவரை வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் வேலிக்குள்ளேயே. வெளியே வந்த மாதமே வாடகை வீடு தேடி அலைந்தோம். பணிக்கொடையில் பெரும் பகுதி, குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சிக்குப் போனது. அதற்குப் பிறகும் அழைப்பு வர எட்டு மாதம். அவர் அந்த எட்டு மாதமும் தினம் காலை ஐந்து மணிக்கு எழுந்து முகம் மழித்துவிட்டுத்தான் உட்காருவார். போக இடமில்லாத மனிதர் ஏன் இப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். எனக்குப் புரிந்தது.

கேப்டன் ஆன அன்று போன் செய்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். மற்றதை நான் அவர் குரலில் தெரிந்துகொண்டேன்.

ஹெலிகாப்டர் விமானி, இன்னும் பணியில்:

எனக்கு எம்ஐ-17இல் 2800 மணி நேரம். விமான உரிமத்துக்கு இதில் பெரும்பகுதி உதவாது என்கிறார்கள். மறுபடி சிறிய விமானத்திலிருந்து தொடங்க வேண்டும் போல. எனக்கு 38 வயது. இது நடக்கிற காரியமா அண்ணா?

முன்னாள் ஏஎன்-32 விமானி, கோயம்புத்தூர்:

நடக்கும் தம்பி, ஆனால் நேரமும் பணமும் எனக்கு ஆனதைவிடக் கூடுதலாகும், அதை மறைக்க மாட்டேன். 65 வயது வரை பறக்கலாம், ஆகவே 40இல் தொடங்கினாலும் 25 வருடம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். மேலே அந்தச் சகோதரி எழுதியதை உங்கள் மனைவியையும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வேலையை மட்டும் இன்றே தொடங்குங்கள். பறந்த நேரத்துக்கான சான்றிதழைப் பிரிவை விட்டு வெளியே வருவதற்கு முன் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கிவிடுங்கள். பகல், இரவு, கருவிப் பறப்பு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். நான் வெளியே வந்த பிறகு ஒரு பக்கத்துக்காக ஐந்து மாதம் அலைந்தேன்.