"சேம்தான் சார், செட் ஆயிடும்": பழைய பைக்குக்கு ஸ்பேர்ஸ் ஆர்டர் போட்ட அனுபவங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பழைய பைக் வச்சிருக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணா எழுதினது.

லாஸ்பேட்டை, புல்லட் 350

தில்லியிலிருந்து வந்த நட்டு, ஸ்டட் (ரெண்டு முனையிலும் திரெட் போட்ட, தலையில்லாத போல்ட்) செட் பற்றி எழுதியே ஆகணும். பாக்கெட் மேல "புல்லட் ஆல் மாடல்"னு அச்சடிச்சிருக்கு. காஸ்ட் அயர்ன் எஞ்சின் வச்ச பழைய புல்லட்டுல ஆல் மாடல் நட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 1955-ல் மெட்ராஸில் இந்த வண்டி ஆரம்பிச்சப்போ வரைபடம் எல்லாம் இங்கிலாந்து ரெட்டிச்சுல போட்டது. அதனால பழைய எஞ்சின்ல பல இடத்துல அங்குலக் கணக்கு பிரிட்டிஷ் திரெட்: பிஎஸ்எஃப், சைக்கிள் திரெட். பின்னாடி வந்ததுல மெட்ரிக். நடுவுல எந்த மெக்கானிக்காவது கை வச்சிருந்தா ஒரே வண்டியில ரெண்டும் இருக்கும்.

வண்டியில இருந்த ஸ்டட் 5/16 பிஎஸ்எஃப். விட்டம் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 22 திரெட், அதாவது பிட்ச் (ஒரு திரெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கிற தூரம்) 1.155 மி.மீ. வந்த நட்டு எம்8, பிட்ச் 1.25. விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுங்கிறதால கையிலேயே ரெண்டு மூணு சுத்து சுகமா ஏறுது. அப்புறம் கெட்டியாகுது. அந்த இடத்துல நிறுத்திடணும். நல்லா டைட்டா உட்காருதுன்னு ஸ்பேனர் போட்டா, பென்சில் சீவின சுருள் மாதிரி ஸ்டட் திரெட் கழண்டு வெளிய வரும். ஸ்டட் அலுமினிய கேஸ்ல ஊன்றினதா இருந்தா அதையும் இழுத்துக்கிட்டு வரும். அப்புறம் ஹெலிகாயில் (புது திரெட்டா உட்கார்ற கம்பிச் சுருள்) போடாம வேலை ஆகாது.

விக்கிறவர்கிட்ட பிட்ச் என்னன்னு கேட்டா, வந்த பதில்தான் மேல தலைப்புல இருக்கு.

திருப்பாதிரிப்புலியூர், ஆர்எக்ஸ் 100

நட்டு பரவாயில்லை அண்ணே, கையில பிடிச்சாலே தெரிஞ்சுடும். பிஸ்டன் ரிங் அப்படி இல்லை.

ஆர்எக்ஸ் 100-க்கு போர் (சிலிண்டர் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50. என்னோடது இரண்டாவது ரீபோர் (தேய்ஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கிறது) முடிஞ்ச பிளாக், 50.50. "ஒரிஜினல் பழைய ஸ்டாக், 0.50 ஓவர்சைஸ்"னு சொல்லி வந்த ரிங். பெட்டியில ஹாலோகிராம், பார்ட் நம்பர் எல்லாம் சரியா இருக்கு. ரிங்கை பிளாக்குக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால கோணாம கீழ தள்ளி, ஃபீலர் கேஜ் வச்சா முனைக்கு முனை 1 மி.மீ. இடைவெளி! 50 மி.மீ. போருக்கு சுமார் 0.2 இருந்தா போதும்.

கணக்கு போட்டுப் பார்த்தா காரணம் அதுலயே இருக்கு. விட்டத்துல 0.25 குறைஞ்சா சுற்றளவுல 0.785 குறையும். 0.2-வோட 0.785 கூட்டினா 1 மி.மீ. ஆக, உள்ள இருந்தது 0.25 ஓவர்சைஸ் ரிங். செல்போன் டார்ச் அடிச்சு ரிங் முனை ஓரத்துல பார்த்தப்போ குட்டியா "25"னு எழுத்து. பெட்டி 50, பொருள் 25.

அப்படியே போட்டு ஓட்டினா வண்டி ஸ்டார்ட் ஆகும், அதுதான் ஆபத்து. கிக்கர்ல அழுத்தம் இருக்காது, எரிஞ்ச வாயு ரிங்கைத் தாண்டி இறங்கி பிஸ்டன் பக்கவாட்டுல பழுப்பேறும், பிக்கப் போயிடும். கார்பரேட்டர்ல ஜெட் மாத்தி மாத்தி தேடிட்டே இருப்பாங்க. இன்னொண்ணு: டூ ஸ்ட்ரோக்ல ரிங் வாய், பிஸ்டன்ல ரிங் பள்ளத்துக்குள்ள இருக்கிற குட்டி பின்னுக்கு நேரா உட்காரணும். டூப்ளிகேட் ரிங்ல அந்த வெட்டு சரியா இருக்காது. பின் மேல ஏறி நின்னா போர்ட்ல மாட்டி உடைஞ்சுடும்.

முதலியார்பேட்டை, யெஸ்டி

பழைய ஸ்டாக்னா தங்கம்னு எல்லாரும் சொல்றீங்க. இரும்புக்கு அது சரி. ரப்பருக்கு இல்லை.

யெஸ்டி செஞ்ச மைசூர் ஐடியல் ஜாவா 1961-ல் உற்பத்தி ஆரம்பிச்சு 1996-ல் மூடினது. அப்படின்னா "கம்பெனி சீல்"னு இன்னிக்கு பெட்டியோட வர்ற கிராங்க் ஆயில் சீலுக்கு வயசு என்ன? வந்த சீலோட உதட்டை நகத்தால அழுத்தினா பள்ளம் விழலை. கொஞ்சம் மடக்கினதும் உதடு முழுக்க மயிரிழை விரிசல். உள்ள இருக்கிற சுருள் ஸ்பிரிங் துரு. அதுக்கு வாங்கினது புதுசோட நாலு மடங்கு விலை.

இந்த மாதிரி சீல் போட்டா என்ன ஆகும்னா, கிளட்ச் பக்கத்துது கசிஞ்சா கிளட்ச் கேஸ்ல இருக்கிற ஆயிலை எஞ்சின் உறிஞ்சிடும். வெள்ளைப் புகை அடங்காது, கேஸ்ல ஆயில் குறையும். டைனமோ பக்கத்துது கசிஞ்சா வெறும் காத்து உள்ள போகும். ஐடிலிங் தானா ஏறும், கலவை மெலிஞ்சு பிஸ்டன் ஜாம் ஆகும். கடலூர் ரோட்டுல வேகமா போறப்போ பின்சக்கரம் பிடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

சீல் மேலயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு அச்சாகியிருக்கும். அந்த மூணு எண்ணைச் சொல்லி, நல்ல ஆயில் சீல் கடையில புது சீல் வாங்குங்க. யெஸ்டின்னு வாயே திறக்க வேண்டாம். இப்போ வர்ற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்ல பழைய ரப்பர் இன்னும் சீக்கிரம் ஊறிக் கெடும். பெட்ரோல் டேப் வாஷர், டியூப், ஃப்ளோட் நீடில் முனை எல்லாத்துக்கும் இதே கதைதான். முடிஞ்சா வைட்டான் (பெட்ரோலைத் தாங்கற ரப்பர்) கேளுங்க.

மாட்டின பிறகு இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டையும் அடைச்சு, 6 பிஎஸ்ஐ காத்து கொடுத்து, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க. முள் இறங்காம நின்னா சீல் நல்லது.

மஞ்சக்குப்பம், பழைய புல்லட், ராஜ்தூத் 175

தம்பிகளா, புல்லட் முன் பிரேக் ஷூன்னு ஆர்டர் போட்டா வந்தது 6 இன்ச். வண்டியில 7 இன்ச், ட்வின் லீடிங் டிரம். 178 மி.மீ. டிரம்முக்குள்ள 152-க்கான ஷூ கடகடன்னு ஆடுது. இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்லை. நான் சொல்ல வந்தது வேற.

பழைய பொருளை சாம்பிளா எடுத்துட்டு நேரா சென்னை புதுப்பேட்டை இல்லைன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போயிடுங்க. போட்டோ பார்த்து வாங்கற பழக்கமே வேண்டாம். ஆனா சாம்பிளை அப்படியே நம்பவும் கூடாது. தேய்ஞ்ச புஷ்ஷை அளந்தா தேய்ஞ்ச அளவுதான் வரும். ஷாஃப்ட் ஓடாத ஓரத்துல வெர்னியர் வைங்க, எதிர்ல உட்கார்ற துளையையும் அளங்க, மூணு இடத்துல.

பேரிங்கை பைக் ஸ்பேர்ஸ் கடையில கேட்கவே கேட்காதீங்க. வளையத்துல நம்பர் இருக்கும். 6203-ன்னா 17, 40, 12. 6204-ன்னா 20, 47, 14. எந்த நாட்டுல செஞ்சாலும் அந்த அளவுதான். "விண்டேஜ்"னு பேர் வச்சு ரெண்டு மடங்கு வாங்கறது பகல் கொள்ளை. கிராங்குக்கு மட்டும் சி3-ன்னு கேட்டு வாங்குங்க. அது சூட்டுக்காக விட்டிருக்கிற கூடுதல் இடைவெளி. சாதாரணத்தைப் போட்டா சூடேறினதும் இறுக்கும்.

பிஸ்டன் கைக்கு வராம பிளாக்கை லேத்துல கொடுக்காதீங்க. 0.50-ன்னு போட்டிருக்கிற பிஸ்டன் எல்லாம் 0.50 இல்லை. அங்குலக் கணக்குல 20 தவ்வுன்னா (தவ்வுங்கிறது அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) 0.508 மி.மீ. பிஸ்டன் பாவாடையை (ரிங்குக்குக் கீழ இருக்கிற பகுதி), பின்னுக்குக் குறுக்க, மைக்ரோமீட்டர்ல அளந்து, அதுக்கு ஏத்த கிளியரன்ஸ் விட்டு போர் பண்ணச் சொல்லணும். முதல்ல போர் பண்ணிட்டு அப்புறம் பிஸ்டன் தேடினா வண்டி ஷெட்டுலயே நிக்கும்.

கேபிளுக்கு ரெண்டு அளவு சொல்லணும்: வெளி உறை நீளம், உறையைத் தாண்டி உள் கம்பி நிக்கிற நீளம். ரெண்டாவதை யாரும் சொல்றதில்லை, அதனாலதான் அட்ஜஸ்டர் முழுசா திறந்தும் கிளட்ச் விடாது. நுனிக் குண்டு உருளையா, பேரிக்காய் வடிவமான்னும் சொல்லுங்க. ஸ்போக்ஸ் கம்பின்னா புல்லட்டுக்கு 19 இன்ச் ரிம்முல 40 கம்பி, உள் கம்பி வெளிக் கம்பி வளைவு வேற வேற. ரெண்டு ரகத்துலயும் ஒவ்வொரு சாம்பிள் அனுப்பணும்.

கண்டென்சர் பழைய ஸ்டாக் வாங்காதீங்க. உள்ள இருக்கிற காகிதம் ஈரம் ஏறிக் கெட்டிருக்கும். பாயின்ட் (பிளக் பொறிக்காக மின்சாரத்தை வெட்டி விடுற முனைகள்) மூடியைத் திறந்து இருட்டுல ஓட விட்டா முனையில நீலப் பொறி பளிச்னு தெறிச்சா அதுதான் போயிருக்கு. பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. எத்தனை தடவை வச்சாலும் கண்டென்சர் கெட்டிருந்தா பாயின்ட் கருகிக்கிட்டே இருக்கும்.

முத்தியால்பேட்டை, ராஜ்தூத் 350

மஞ்சக்குப்பம் சார், புதுப்பேட்டை போங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க. 1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டு வந்த இந்த வண்டிக்கு அங்க கிடைக்கிறது பெரும்பாலும் உரிச்சு வச்ச பழசு. 64 மி.மீ. பிஸ்டன் ரெண்டு ஜோடியா, எடை ஒத்துப் போறதா வேணும்னா வெளிநாடுதான். இடது வலது ரெண்டுக்கும் ஒரே ஓவர்சைஸ் வேணும். இதுல சாம்பிள் எடுத்துட்டு எங்க போறது?

இதோட மூலம் யமஹா ஆர்டி 350. ஆனா வெளிநாட்டுக்காரங்ககிட்ட "ஆர்டி 350"ன்னு கேட்டா முன் பக்கத்துக்கு டிஸ்க் பிரேக் சாமான் அனுப்புவாங்க. நம்ம வண்டிக்கு 7 இன்ச் டிரம். ஹப், பிரேக் கேபிள், ஷூ எதுவும் சேராது. இந்த வண்டியிலேயே ரெண்டு ரகம் உண்டு. சைலன்சர் வாங்கறப்போ 30.5 குதிரைத்திறன் ஹை டார்க்கா, 27 லோ டார்க்கான்னு சொல்லியே ஆகணும்.

பார்சல் சுங்கத்துல நின்னுபோச்சு. பில்லுல "பைக் பார்ட்ஸ்"னு மட்டும் எழுதியிருந்ததுதான் காரணம். புதுசா பழசான்னு கேட்டு ஒரு கடிதம், அடையாளச் சான்று கேட்டு ஒரு கடிதம். முன்கூட்டியே அனுப்பறவங்ககிட்ட பொருள் பேர், எண்ணிக்கை, புதியது என்ற சொல், 8714-ங்கிற சுங்கக் குறியீடு எல்லாம் பில்லுல எழுதச் சொல்லுங்க. வரி பொருள் விலைக்கு மட்டும் இல்லை. கூரியர் செலவு, இன்சூரன்ஸ் கூட்டி அதுக்கு மேல சுங்கம், சர்சார்ஜ், அப்புறம் ஐஜிஎஸ்டி. அதனால கனமான கிராங்க், சைலன்சரை விமானத்துல வரவழைச்சா வழிச்செலவும் ஏறும், அதுக்கான வரியும் சேரும். ரிங், கேஸ்கெட், பின்னுன்னு இலேசானதை ஒண்ணா சேர்த்து வாங்குங்க.

தேவனாம்பட்டினம், ஆர்எக்ஸ் 100

கடல் பக்கம் வண்டி வச்சிருக்கிறவங்க ரிம், சைலன்சர் ஆர்டர் போடுறப்போ நிக்கல் எத்தனை மைக்ரான்னு கேளுங்க. பளபளப்பு குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, அதுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் உண்டு. உப்புக் காத்தைத் தடுக்கிறது கீழ இருக்கிற நிக்கல்தான். வந்த ரிம்முல நிக்கல் பெயருக்குத்தான். முதல் மழைக்கே நிப்பிள் துளை ஓரமெல்லாம் செம்பழுப்பு வட்டம்.

இது யாரும் கேட்காதது, ஆனா சொல்லணும். ஆர்எக்ஸ் கிராங்க் கேஸ் ஆன்லைன்ல நிறைய வருது. நம்பர் சுரண்டினது, திருப்பி அடிச்சது எதையும் தொடாதீங்க. திருட்டு வண்டி எஞ்சினா இருக்க வாய்ப்பு அதிகம். நம்பர் தெளிவா இருக்கிறதுக்கும், விக்கிறவர் பேர்ல பில், அந்தப் பழைய வண்டியோட ஆர்.சி. நகல் வாங்குங்க. மாட்டினதும் ஆர்டிஓ-வுல எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில மாத்திப் பதியணும். பிஒய் வண்டிக்கு டிஎன் எஞ்சின்னா இந்தக் காகிதம் இல்லாம கோரிமேடு செக்கிங்ல பதில் சொல்ல முடியாது.

தட்டாஞ்சாவடி, லேத்

லாஸ்பேட்டை நண்பருக்கு. அந்த ஸ்டட்டை எங்கேயும் ஆர்டர் போட வேண்டாம். தொழிற்பேட்டையில எந்த லேத்துலயும் கடைஞ்சு கொடுப்பாங்க. 22 டிபிஐ (அங்குலத்துக்கு 22 திரெட்)ன்னு மட்டும் சொன்னா பத்தாது, டூல் கோணம் 55 டிகிரின்னு சொல்லணும். சொல்லலைன்னா வழக்கமான 60-ல வெட்டிடுவாங்க. நட்டு ஏறும், ஆனா திரெட்டோட பக்கம் முழுசா ஒட்டாம நுனியில மட்டும் பிடிக்கும், எஞ்சின் அதிர்வுல லூசாகும். சைக்கிள் திரெட்டா இருந்தா 26 டிபிஐ, அதுக்குத்தான் 60 டிகிரி. கம்பி இஎன்8 ரக ஸ்டீலுக்குக் குறைஞ்சு வேண்டாம், மைல்டு ஸ்டீல் நீண்டுடும். கேஸ்குள்ள போற முனை, நட்டு ஏறுற முனை ரெண்டையும் தனித்தனியா பிட்ச் கேஜ் வச்சுப் பாருங்க. ஒரே ஸ்டட்டுல ரெண்டு முனைக்கும் வேற திரெட் இருக்கிறது இந்த வண்டிகள்ல சாதாரணம். அதோட அந்த எம்8 நட்டு எல்லாத்தையும் டப்பாவிலிருந்து தனியா எடுத்து வச்சிடுங்க, கலந்தா கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.