மறு: ‘லைட்டிங் ஷெட்யூல்’ தமிழில்? ‘பொழுதுமுறை’ என்று வைக்கலாமா

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பவளம் வளர்ப்பவர்களுக்காக நாம் எழுதும் பவளத்தொட்டிக் கையேட்டு வேலை ‘லைட்டிங் ஷெட்யூல்’ என்ற இந்த ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. தொட்டி விளக்கு எப்போது, எவ்வளவு பலமாக எரிய வேண்டும் என்ற ஏற்பாடுதான் அது. அதற்குத் தமிழில் இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: ஒளி அட்டவணை, ஒளிநிரல், ஒளிக்காலம், ஒளிநேரம். தர்மபுரியில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் 3 அடித் தொட்டியின் மேல் நான்கையும் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சரியாக உட்காரவில்லை.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம். கடல் இல்லாத ஊர். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்துத்தான் கடலைத் தயார் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உள்ளே சோவாந்தஸ், காளான் பவளம், ஒரு தோல் பவளம். தொட்டிக்காரர்கள் வழக்கில் எல்லாம் மென்பவளம். பாறை கட்டும் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கையேட்டில் அவற்றை வளர்ப்புக்கு எடுத்துக்காட்டாகக்கூடக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

பாருங்கள், அட்டவணை என்றதும் எனக்குச் சட்டமும் பேருந்து நிலையமும்தான் நினைவுக்கு வருகின்றன. பென்னாகரம் வண்டிக்கு அட்டவணை போடலாம்; வண்டி வரும், அல்லது வராது. விளக்கு அப்படி வருவதில்லை. முதலில் நீலம் மட்டும் மங்கலாக எரியும். அரை மணி கழித்து வெள்ளை மெல்லச் சேரும். உச்சியில் சில மணி நேரம் நிற்கும், பிறகு வந்த வழியே இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் அட்டவணையில் இல்லை. ஒளிநிரலோ கணினிக்காரர்கள் கையில் இருக்கும் சொல். ‘ஒளிநிரலை மாற்றுங்கள்’ என்று எழுதினால், செயலியின் புரோகிராமைத் திருத்தச் சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

ஒளிக்காலம்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. தாவரவியலில் ஒளிக்காலத்துவம் என்று படித்திருக்கிறோம். 1920-இல் கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியை வைத்துச் சொன்னது. நம் மாவட்டங்களுக்கு அது பாடப்புத்தகச் சங்கதியும் அல்ல. ராயக்கோட்டைப் பக்கம் இரவு பஸ்ஸில் வந்தால் சாமந்தித் தோட்டத்தில் சரம் சரமாகப் பல்பு எரியும். வெளியூர்க்காரர் ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொள்வார். சாமந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் செடி. நட்ட முதல் சில வாரங்கள் இரவின் நடுவே வெளிச்சம் காட்டி அதை ஏமாற்றினால், பூக்காமல் உயரமாக வளரும்; பிறகு பல்பை நிறுத்தி, வேண்டிய நேரத்துக்குப் பூக்க வைக்கலாம். அங்கே வெளிச்சம் ஒரு கடிகாரம். மங்கலான பல்பே போதும். எத்தனை மணி நேரம் இருட்டு என்பதுதான் கணக்கு.

பவளத்துக்கு வெளிச்சம் சோறு. அதன் உடலுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து, தயாரிப்பதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே எத்தனை மணி நேரம் என்பதோடு எவ்வளவு பலமாக என்பதும் சேர்ந்துதான் கணக்கு. சின்னதாக ஒரு பெருக்கல்: பவளம் இருக்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 100 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு; 10 லட்சம் சேர்ந்தால் 1 மோல்) வெளிச்சம் விழுகிறது என்று வையுங்கள். 10 மணி நேரமும் முழு வீச்சில் எரிந்தால் ஒரு நாள் வரவு 3.6 மோல். அதே 10 மணி நேரத்தில் 2 மணி நேரம் சீராக ஏறி, 6 மணி நேரம் உச்சியில் நின்று, 2 மணி நேரம் சீராக இறங்கினால் 2.88 மோல்தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இந்தத் தொட்டிக்கு ‘ஒளிநேரம்’ எவ்வளவு என்று கேட்டால் 10 என்பதா, 8 என்பதா? எனக்குத் தெரிந்த இருவர் போனில் இதே விஷயத்தை அரை மணி நேரம் பேசி, ஆளுக்கொரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போனை வைத்தார்கள். அந்த இருவரில் ஒருவன் நான்.

என் பட்டறிவும் இதேதான். புது எல்.இ.டி. வாங்கிய வாரம், ஊரில் பகல் 12 மணி நேரம், தொட்டிக்கும் 12 என்று பிளக்கில் செருகும் பல்சக்கர டைமரைப் போட்டு, வெள்ளை சேனலை (விளக்கில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் பிரிவுதான் சேனல்) முழுதாகத் திறந்துவிட்டேன். காலை 8 மணிக்குப் படாரென்று நடுப்பகல். நான்காம் நாள் தோல் பவளம் தன் பூ விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மழமழவென்று நின்றது. அடுத்த வாரம் ஒரு காளான் பவளம் சோறு வடித்த கஞ்சி நிறத்துக்கு வெளுத்துப்போனது. உள்ளே இருந்த பாசி வெளியேறிவிட்டது. வெயில் பழகாத நாற்றைச் சித்திரை வெயிலில் கொண்டுபோய் வைத்த கதை.

அந்த டைமரில் இன்னொரு கூத்து. சுற்றி 96 பற்கள், ஒரு பல்லுக்கு 15 நிமிடம். மின்சாரம் போனால் சக்கரமும் நின்றுவிடும். ஒரு வெள்ளிக்கிழமை 2 மணி நேர மின்வெட்டு. அதிலிருந்து தொட்டிக்குள் எல்லாமே 2 மணி நேரம் பிந்தி நடந்தது. இரவு 10 மணிக்கும் மீன்கள் தூங்கவில்லை. நான் கவனிக்க மூன்று நாள் ஆயிற்று.

அப்புறம் ஏற்ற இறக்கம் வைக்கக்கூடிய கண்ட்ரோலர் வாங்கினேன். மாட்ட வந்த எலெக்ட்ரீசியன் தம்பி சாமந்தித் தோட்டங்களுக்கும் ஒயரிங் செய்பவர். நான் ‘ரேம்ப் அப்’, ‘ரேம்ப் டவுன்’ என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, “ஓ, பொழுது ஏறுற மாதிரியும் எறங்குற மாதிரியும் வைக்கணும், அவ்வளவுதானேண்ணா?” என்றார்.

அவ்வளவுதான். நமக்குப் பொழுது என்றால் நேரமும் அதுதான், சூரியனும் அதுதான். இலக்கணத்தில் பெரும்பொழுது, சிறுபொழுது. வீட்டில் ‘பொழுது கிளம்பிருச்சு’, ‘பொழுது சாஞ்சிருச்சு’. மணிக்கணக்கும் வெளிச்சத்தின் பலமும் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே என் முன்மொழிவு: மொத்த ஏற்பாட்டுக்குப் பொழுதுமுறை. பலம் கூடும் பகுதி ஏறுபொழுது, நிலைத்து நிற்பது உச்சிப்பொழுது, குறைவது இறங்குபொழுது. வினையாக வேண்டும் என்றால் ‘தொட்டிக்குப் பொழுது வை’. முறை என்பது இங்கே வழிமுறை அல்ல. வாய்க்கால் தண்ணீருக்கு ‘இன்னிக்கு எங்க முறை’ என்கிறோமே, அந்த முறை. டைமரையும் சேனலையும் அப்படியே விட்டுவிடலாம். கடைக்காரரிடம் போய் ‘காலங்காட்டி கொடுங்க’ என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பொழுதுபோக்குக்கு ஒரு பொழுதுமுறையா என்று யாராவது கேலி செய்வார்கள். செய்யட்டும்.

——

தம்பிக்கு, கிருஷ்ணகிரியிலிருந்து.

ஏறுபொழுது, இறங்குபொழுது இரண்டும் அருமை, மறுபேச்சில்லை. பொழுதுமுறையில் எனக்கு இரண்டு தடைகள். ஒன்று, ஒளி என்ற சொல்லே அதில் இல்லை. கையேட்டின் நடுப்பக்கத்தைத் திறக்கும் ஒருவர் மீனுக்குத் தீனி போடும் முறை என்று நினைக்கலாம். இரண்டாவது பெரிய தடை. நீங்களே முன்பு எழுதியிருந்தீர்கள், வேலை முடிந்து வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக 11 மணிக்கு விளக்கைத் தொடங்கி இரவு 9 வரை வைப்பதாக. அப்படியானால் உங்கள் உச்சிப்பொழுது பிற்பகல் 1 மணி முதல் இரவு 7 வரை. வெளியே விளக்கு வைத்த பிறகு உள்ளே உச்சிப்பொழுது என்று எழுதினால் என் மாணவர்கள் சிரிப்பார்களே?

——

ஐயா, வணக்கம்.

முதல் தடைக்கு: முதல்முறை வரும் இடத்தில் ‘ஒளிப்பொழுதுமுறை’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். அத்தியாயத் தலைப்பிலும் முழுச்சொல்லே இருக்கட்டும்.

இரண்டாவதுக்கு நேற்று முழுக்க யோசித்தேன். நேரத்தைச் சொல்லும் இடங்களில் ‘தொட்டிப்பொழுது’, ‘ஊர்ப்பொழுது’ என்று பிரித்துவிட்டால் என்ன? ‘ஊர்ப்பொழுது பகல் 11 மணிக்குத் தொட்டிப்பொழுது கிளம்பும்.’ இந்த வாக்கியத்தை எலெக்ட்ரீசியன் தம்பியிடம் படித்துக் காட்டினேன், கேள்வி எதுவும் கேட்கவில்லை. மின்வெட்டில் டைமர் பிந்துவதையும் ‘தொட்டிப்பொழுது 2 மணி நேரம் தள்ளிப்போய்விட்டது’ என்று சொல்லிவிடலாம், தனிச்சொல் வேண்டாம்.

மாணவர்கள் சிரித்தால் நிலாவெளிச்ச சேனலுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். நிலாப்பொழுது என்று எழுதிப் பார்த்தேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.