அப்பாவிடம் எப்படிப் பேசுவது? கொஞ்சம் உதவுங்கள்

ஸ்தோத்திரம் அண்ணன்மாரே, அக்காமாரே. களியக்காவிளை பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு 68 வயது, இன்னும் விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போவார், 11 வருடமாகச் சர்க்கரை. போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்தில் யாரோ ஒருவர், மாத்திரையை நம்புகிறவன் கர்த்தரை முழுசாக நம்பவில்லை என்று பேசிவிட்டுப் போக, அன்றோடு அப்பா மாத்திரையை நிறுத்தியிருக்கிறார், எங்களிடம் மூச்சு விடவில்லை. நேற்று அவருடைய வேதபுத்தகத்தின் ஜிப் உறையைத் திறந்தால் (கண்ணாடியைத் தேடித்தான், உளவு பார்க்க இல்லை) உள்ளே ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஒன்றுதான் பிதுக்கியிருந்தது. காலில் கம்பி கிழித்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை, ஓரம் கறுத்திருக்கிறது.

எனக்கும் விசுவாசம் உண்டு. வேதத்தில், வியாதியில் சாகக்கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருடம் கூட்டுவேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை அவருடைய பிளவைக் கட்டியில் பற்றுப்போட வைத்தாரே! சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர். லண்டன் மிஷன்காரர்கள் 1838-இல் நெய்யூரில் வைத்தியமும் தொடங்கினார்களே. இதைச் சொன்னால், "எனக்கே பிரசங்கமா பிள்ளே?" என்று எழுந்து போய்விடுகிறார்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா? போதகர் ஐயாவைக் கூட்டிவந்து பேசவைத்தால் கேட்பாரா, இல்லை அவமானமாக நினைப்பாரா? அப்புறம், மார்த்தாண்டம், பாறசாலை பக்கம் சர்க்கரைப் புண் பார்க்கிற, வயசானவர்களைத் திட்டாத டாக்டர் இருந்தால் இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள், நாளைக்கே எப்படியாவது கூட்டிப்போக வேண்டும்.