மைக்குக்கு வைத்த பெயர் நிற்கவே மாட்டேன் என்கிறது – அவசரம்!

மலையடி_சேவகன்:
வணக்கம். கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு மைக். ஒன்றுக்கு ‘தேவாரம்’, இன்னொன்றுக்கு ‘அறிவிப்பு’ என்று பெயர் மாற்றினேன். மறுநாள் பார்த்தால் பழைய பெயரே வந்து நிற்கிறது. மூன்று தடவை ஆகிவிட்டது. நாளை மறுநாள் கொடியேற்றம், பத்து நாளும் நேரலை போக வேண்டும். நேற்று ஒத்திகையில் தேவாரம் கேட்க வேண்டிய இடத்தில் “ஏழு கறிக்கு வாழையிலை யார் சொன்னது?” என்று சமையற்கட்டுக் குரல் போய்விட்டது. பெயரை நிரந்தரமாக்க என்ன வழி? சீக்கிரம் சொல்லுங்கள்.

போபாசேன்_தம்பி:
எந்த விண்டோஸ்? மைக் மிக்சர் வழியாக வருகிறதா, நேராகவா? எங்கே போய்ப் பெயர் மாற்றினீர்கள்? விண்டோஸ்தானா என்பதே தெரியவில்லை அண்ணா.

பழைய_ரேடியோ:
கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன், டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) அப்டேட். புது டிரைவர் ஏறினால் வைத்த பெயரெல்லாம் துடைத்துப் போய்விடும். என் வீட்டில் இரண்டு முறை பட்டிருக்கிறேன். அப்டேட்டை நிறுத்துங்கள், முடிந்தது.

பெங்குவின்_பக்தர்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் போய்விட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில், ஒலியைக் கவனிக்கும் பைப்வயர் இருந்தால், அதை நிர்வகிக்கும் வயர்பிளம்பருக்கு ஒரு சின்னக் கோப்பு எழுதி, அந்த நோடுக்கு (அதாவது மைக்குக்கு) டிஸ்கிரிப்ஷன், காட்ட வேண்டிய பெயர், என்ன என்று சொன்னால் போதும். நான்கைந்து வரி. நான் 2022-லேயே எழுதி வைத்தது இன்றும் ஓடுகிறது.

போபாசேன்_தம்பி:
2022-ல் எழுதியது என்றால் லுவா என்ற நிரல்மொழிக் கோப்பாக இருக்கும். 2024-ல் வந்த வயர்பிளம்பர் 0.5 பதிப்பு அந்த லுவா கோப்பைப் படிக்காது ஐயா, அமைப்பு முறையே மாறிவிட்டது.

பெங்குவின்_பக்தர்:
நான் பழைய பதிப்பில்தான் இருக்கிறேன். தெரிந்தேதான் இருக்கிறேன்.

சாவான்_அக்கா:
அவர் நாளை மறுநாள் கொடியேற்றம் என்கிறார், நீங்கள் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறீர்கள். தம்பி மலையடி, முதலில் போபாசேன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலையடி_சேவகன்:
மன்னிக்கவும், கொடிமரத்துக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தோம். விண்டோஸ் 10. ஆனால் பிரெஞ்சில் இருக்கிறது, யாரோ அப்படியே நன்கொடை கொடுத்தார்கள். சவுண்ட் செட்டிங்கில் மைக்கைத் தொட்டு ‘ரெனொம்மே’ (பெயர் மாற்று) கொடுத்தேன். மைக் நேராகப் போகவில்லை. ஆளுக்கொரு சின்ன யூஎஸ்பி குச்சி, அதில்தான் மைக் ஒயர். இரண்டு குச்சியும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி வாங்கினது.

சாவான்_அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சம். ராத்திரி குச்சிகளைக் கழற்றி வைக்கிறீர்களா?

மலையடி_சேவகன்:
ஆமாம், அலமாரியில் பூட்டிவிடுவோம். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் செருகுவார்கள். அது முக்கியமா?

சாவான்_அக்கா:
அதுதான் முக்கியம். குச்சிக்குள் சீரியல் நம்பர் இருந்தால் எந்தத் துளையில் செருகினாலும் விண்டோஸுக்கு அதே ஆள். மலிவுக் குச்சிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. அப்போது எந்தத் துளை என்பதையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும். நேற்று முன்பக்கம், இன்று பின்பக்கம் என்றால் அதற்கு இவர் புது ஆள், நீங்கள் வைத்த பெயர் பழைய ஆளோடு போய்விடும்.

சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பழைய சவுண்ட் பெட்டி திறக்கும். முதல் தாவல் ‘லெக்தூர்’, அது ஸ்பீக்கருக்கு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, ‘ஆன்ரெஜிஸ்த்ரமான்’, அதாவது ஒலிப்பதிவு. பட்டியலில் காலி இடத்தில் வலது கிளிக் செய்தால் துண்டித்த சாதனங்களைக் காட்டச் சொல்லும் வரி ஒன்று இருக்கும். டிக் போட்டுவிட்டுச் சாம்பல் நிறத்தில் எத்தனை என்று எண்ணுங்கள்.

பெங்குவின்_பக்தர்:
லெக்தூர் என்றதும் நீங்களே லெக்சர் ஆரம்பித்துவிட்டீர்கள்.

மலையடி_சேவகன்:
அக்கா, ஏழு இருக்கிறது! அதில் ‘தேவாரம்’ இரண்டு, ‘அறிவிப்பு’ ஒன்று. மற்றது என்ன என்றே தெரியவில்லை. இப்போது செருகியிருக்கும் இரண்டிலும் வெறும் மைக்ரோபோன் என்றுதான் இருக்கிறது.

சாவான்_அக்கா:
நீங்கள் வைத்த பெயர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றும் அழியவில்லை. கடையில் சிவப்பு டேப், மஞ்சள் டேப் வாங்குங்கள். சிவப்பைக் குச்சியிலும் ஒட்டுங்கள், கம்ப்யூட்டரின் துளைக்கு மேலேயும் ஒட்டுங்கள். மஞ்சளும் அப்படியே. ஒட்டிய துளையில் செருகிய பிறகு ஒரே ஒரு தடவை பெயர் வையுங்கள். இதே பெட்டியில் மைக்கின் மேல் இரண்டு கிளிக், ‘ஜெனெரால்’ தாவலில் பெயர்க் கட்டம் இருக்கும். அடைப்புக்குறிக்குள் ‘2- யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டே வரும், அதை இங்கே மாற்ற முடியாது, டிரைவர் தருவது. முன்னால் உள்ள சொல்தான் நம் கையில்.

நேரலைக்கு ஓபிஎஸ் மென்பொருள்தானே? அது பெயரைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் நீளமான அடையாள எண்ணைப் பார்க்கும். டேப் ஒட்டிய பிறகு அங்கேயும் இரண்டு மைக்கையும் மறுபடி தேர்ந்தெடுங்கள்.

பழைய_ரேடியோ:
டிரைவரும் ஒரு காரணம்தான். நான் சொன்னது தப்பில்லை. அப்புறம், தமிழில் பெயர் வைக்காதீர்கள். பழைய ரெக்கார்டிங் மென்பொருள்களில் வெறும் கேள்விக்குறியாக வரும். ஏ, பி என்று வையுங்கள், போதும்.

போபாசேன்_தம்பி:
ஓபிஎஸ்ஸில் தமிழ் நன்றாகத் தெரிகிறதே. எந்தக் காலத்து மென்பொருளைச் சொல்கிறீர்கள்?

குவாத்ர்போர்ன்_மாமா:
ஏ, பி-யா? கோயில் கம்ப்யூட்டரில்கூடத் தமிழ் வேண்டாமா? 1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்கு இந்த மொரீஷியஸ் தீவே கொதித்தது, நோட்டைத் திரும்பப் பெற்று வரிசையை மாற்றி அச்சடித்தார்கள். அப்படிப்பட்ட ஊர் இது.

பழைய_ரேடியோ:
மாமா, நான் மைக்கைப் பற்றிப் பேசுகிறேன். காலையில் குச்சி செருகுகிற பையன்களில் எத்தனை பேர் தமிழ் படிப்பார்கள்? எல்லாரும் பேசுவது கிரியோல். ‘அறிவிப்பு’ என்று இருந்தால் விழிப்பார்கள்.

குவாத்ர்போர்ன்_மாமா:
விழிக்கட்டும், பிறகு படிப்பார்கள்.

சாவான்_அக்கா:
சிவப்புக்கும் மஞ்சளுக்கும் எந்த மொழியும் வேண்டாம். நோட்டுச் சண்டைக்குத் தனி இழை திறங்கள்.

பெங்குவின்_பக்தர்:
வரிசைச் சண்டை என்றால் ஒன்று சொல்ல வேண்டும். பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தீர்களா…

மலையடி_சேவகன்:
டேப் ஒட்டியாச்சு. கழற்றி மூன்று தடவை செருகிப் பார்த்தோம், ‘தேவாரம்’ நிற்கிறது. மஞ்சள் டேப் கிடைக்கவில்லை, மஞ்சள் தூள் தடவிய பேப்பர் வைத்தோம். கொடிக்குப் போகிறேன். நன்றி அக்கா.

போபாசேன்_தம்பி:
அண்ணா, பேப்பருக்கு மேல் செல்லோடேப் போடுங்கள், மஞ்சள் உதிர்ந்து துளைக்குள் போய்விடும்.

வகோவா_புதியவன்:
எனக்கும் இதே தொல்லை, ஆனால் ப்ளூடூத். ஒரே ஹெட்செட் ஸ்டீரியோ என்று ஒன்றும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்று ஒன்றுமாக இரண்டு முறை வருகிறது. எதற்குப் பெயர் வைப்பது? யாராவது இருக்கிறீர்களா?