வளவுக் கதவின் கீல் திருகாணி கழல மாட்டேன் என்கிறது, அவசரம்

வளவுக்கதவு:
வணக்கம். பழைய வீட்டில் வளவுக் கதவு, அதாவது முற்றத்தைச் சுற்றி இருக்கிற உள்கட்டுக் கதவு. கீல் திருகாணி கொஞ்சமும் அசையவில்லை. எல்லாத் திருப்புளியும் போட்டுப் பார்த்தாச்சு, வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இந்த மாதக் கடைசியில் வீட்டில் படைப்பு, முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். பங்காளிகள் எல்லாரும் வந்துவிடுவார்கள், அதற்குள் கதவைக் கழற்றியாக வேண்டும். வீட்டில் சாதாரணமாக இருக்கிற சாமான்களை வைத்தே எப்படிக் கழற்றுவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள் தம்பி. காலையில் தானாகக் கழன்று வரும். வேறு எதுவும் வேண்டாம்.

குன்றக்குடி மயில்:
திருகாணித் தலை ஒற்றைக் கோடா, ஸ்டாரா? கீல் இரும்பா, பித்தளையா? மேலே பெயிண்ட் இருக்கிறதா? மேல் கீலா, கீழ்க் கீலா? எதற்காகக் கழற்றுகிறீர்கள்? முடிந்தால் ஒரு போட்டோ போடுங்கள்.

மரத்தூள்:
"எல்லாத் திருப்புளியும்" என்று எழுதினால் எங்களுக்கு என்ன தெரியும்? இங்கே கேள்வி கேட்க வருகிறவர்கள் கதவு எந்த மாதிரிக் கதவு என்றாவது சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் பழைய கதவுகள் பலவற்றுக்குக் கீலே கிடையாது. மேலும் கீழும் குடுமி வைத்து, குழியில் உட்கார்ந்து சுழலும். அதைத் திருப்புளியால் கழற்றவே முடியாது, கதவை மொத்தமாகத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். கீல் வைத்தது என்றால் பிறகு வந்த வேலை. அதிலும் திருகாணி ஒற்றைக் கோடாக இருந்தால் பழையது. ஸ்டார் தலைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1930-களில்தான். அதனால் நூறு வருஷக் கதவில் ஸ்டார் இருந்தால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

வளவுக்கதவு:
கீல் கதவுதான். ஒற்றைக் கோடு. கீல் பித்தளை மாதிரி இருக்கிறது, மேலே பச்சை பெயிண்ட் பல கோட்டிங். கையில் இருப்பது டெஸ்டர், கடையில் வாங்கிய திருப்புளி செட், சுத்தியல், குறடு, ஹேக்சா, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். வளவில் அப்பத்தா அறைக் கதவு. திறக்கும்போது தரையில் உரசி ஆத்தங்குடிக் கல்லில் வளைவாகக் கோடு விழுந்துவிட்டது. கழற்றி அடியில் இழைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

குன்றக்குடி மயில்:
இப்போது புரிகிறது. முதலில் டெஸ்டரை ஓரமாக வையுங்கள். அது மின்சாரம் பார்க்கிற சாமான், தண்டு மெலிசு. நம் வீடுகளில் ரேடியோ முதல் நிலைக்கதவு வரை எல்லாவற்றுக்கும் டெஸ்டரைத்தான் போடுகிறோம். திருகாணித் தலை பாழாகிறதில் பாதி அதனால்தான்.

கோட்டில் இருக்கிற பெயிண்டைச் சுரண்டி எடுக்காமல் எந்தத் திருப்புளியும் பிடிக்காது. உடைந்த ஹேக்சா பிளேடு துண்டு ஒன்றை எடுத்து, அதன் முனையால் கோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்து இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். அடியில் உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். அப்புறம் திருப்புளியின் அலகு அந்தக் கோட்டின் முழு நீளத்துக்கும் இருக்கிறதா, கனம் கோட்டை நிரப்புகிறதா என்று பாருங்கள். செட்டில் வருகிற திருப்புளிகளின் அலகு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அழுத்தித் திருப்பினால் சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான். அரத்தால் நுனியைச் சதுரமாக ராவிக்கொள்ளுங்கள். கிரைண்டரில் வைத்தால் நுனி நீலமாகிற அளவுக்குச் சூடேற விடாதீர்கள், பதம் போய்விடும்.

திருப்புவதற்கு முன் திருப்புளியின் பின்பக்கம் சுத்தியலால் இரண்டு தட்டு. பிறகு இறுக்குகிற பக்கம் நூலளவு, உடனே கழற்றுகிற பக்கம்.

தேவகோட்டை ரஸ்தா:
இவ்வளவு வேலை எதற்கு? மண்ணெண்ணெய் போதும். எங்கள் ஐயா காலத்திலிருந்து அதுதான்.

மரத்தூள்:
அண்ணே, சைக்கிள் நட்டுக்கும் மரத்தில் இறங்கிய திருகாணிக்கும் வித்தியாசம் உண்டு. நட்டில் மரை இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கிறது, எண்ணெய் ஊடுருவினால் துரு இளகும். இங்கே மரை தேக்குக்குள் இருக்கிறது. மண்ணெண்ணெய் மரத்துக்குள் போய்க் கறையும் வாடையும்தான் மிச்சம். தலைக்கும் கீல் தகட்டுக்கும் நடுவே பிடித்திருந்தால் ஒரு சொட்டு உதவும். ஒரு சொட்டு, ஒரு டம்ளர் இல்லை. அடிப்படை தெரியாமல் வழி சொல்லக் கூடாது.

தேவகோட்டை ரஸ்தா:
அடிப்படை உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா? நான் கழற்றிய கதவுகளைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தேங்காய் எண்ணெயாவது போடச் சொல்லுங்கள், அதையும் வேண்டாம் என்பீர்கள்.

அழகப்பாபுரம்:
தேங்காய் எண்ணெய் கெட்டி. திருகாணி இடுக்குக்குள் இறங்காது, நாளானால் பிசுக்காகிவிடும். டபிள்யூடி-40 ஒரு சின்ன டப்பா வீட்டில் இருந்தால் நல்லது. அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது, பெயரிலேயே அந்த விஷயம்தான் இருக்கிறது. ஆனால் அதையும் துணியில் நனைத்துத் தொட்டு வைத்தால் போதும்.

நான் கேட்க வந்தது வேறு. எல்லாத் திருகாணியும் பித்தளையா? ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்துத் தலைகளில் வைத்துப் பாருங்கள். பித்தளையில் ஒட்டாது, இரும்பில் ஒட்டும். பித்தளைக் கீலில் நடுவில் யாராவது இரும்புத் திருகாணி போட்டிருந்தால், ஈரம் படும்போது இரண்டு உலோகமும் சேர்ந்து மின்கலம் மாதிரி வேலை செய்யும், அதில் இரும்புதான் வேகமாகத் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் திருகாணி அப்படியே இறுகிப்போகும். என் அப்பச்சி செக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1948-ல் அடிக்கல் நாட்டி 1953-ல் திறந்த இடம், துருவைப் பற்றி ஆராய்கிற இடம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. வீட்டில் எதைக் கழற்றினாலும் அவர் முதலில் காந்தத்தைத்தான் தேடுவார்.

வளவுக்கதவு:
காந்தம் வைத்தேன். கீழ்க் கீலில் இரண்டு ஒட்டுகிறது, மற்றது ஒட்டவில்லை. அசையாதது அந்த இரண்டும்தான்.

அழகப்பாபுரம்:
அப்படியென்றால் அதேதான். சால்டரிங் அயர்ன் யாரிடமாவது வாங்கி, தலையில் ஓரிரு நிமிடம் வையுங்கள். சூட்டில் திருகாணி விரியும், ஆறும்போது சுருங்கும், பிடி விட்டுவிடும்.

மரத்தூள்:
மண்ணெண்ணெய் ஏற்கெனவே ஊற்றியிருந்தால் அயர்ன் பக்கமே போகாதீர்கள். ஆவி பற்றிக்கொள்ளும். புளோ டார்ச் எடுத்துக்கொண்டு தேக்குக் கதவில் காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் கூடாது.

ஆத்தங்குடிக் கல்:
எல்லாரும் திருகாணியைப் பற்றியே பேசுகிறீர்கள். தரையில் கோடு விழுந்திருக்கிறது என்று தம்பி சொல்லியிருக்கிறாரே, அதை யாரும் கவனிக்கவில்லை. ஆத்தங்குடிக் கல்லில் நிறம் மேல் பூச்சில்தான் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, அதன் பின்னால் மணலும் சிமெண்டும் போட்டுச் செய்வது. சூளை கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. கோடு ஆழமாகப் போய் நிறத்தைத் தாண்டிவிட்டால் அந்தக் கல்லை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கதவு சரியாகும் வரை திறந்து மூடாதீர்கள். கட்டாயம் திறக்க வேண்டுமானால் ஒருவர் கைப்பிடிப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அடியில் சாக்கை மடித்துப் போட்டு நகர்த்துங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவினால் கோடு போகும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், சிமெண்டே அரித்துவிடும்.

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி சொல்வது சரி. இப்போது பழைய நிறத்துக்குப் பொருத்தமாகக் கல் கிடைப்பதே கஷ்டம்.

ஆயா வீட்டுப் பேரன்:
பேசாமல் கதவையே மாற்றிவிடுங்கள். பழைய பர்மாத் தேக்குக் கதவுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நல்ல விலை கொடுக்கிறார்கள். புதுக் கதவு போட்டாலும் கையில் காசு மிஞ்சும்.

ஆத்தங்குடிக் கல்:
கதவு உரசுகிறது என்று கேட்டதற்குக் கதவை விற்கச் சொல்வதா? இப்படித்தான் ஒவ்வொரு தூணாகப் போய் வீடே வெறும் செங்கல்லாகிறது. படைப்புக்கு வருகிறவர்கள் அப்பத்தா அறையில் பிளைவுட் கதவைப் பார்த்துவிட்டுப் போக வேண்டுமா?

ஆயா வீட்டுப் பேரன்:
வருஷத்தில் இரண்டு நாள் திறக்கிற வீட்டுக்குப் பராமரிப்புச் செலவு யார் கொடுப்பது? பங்காளிகள் எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். யதார்த்தத்தைச் சொன்னேன்.

ஆத்தங்குடிக் கல்:
அந்த இரண்டு நாளுக்காகத்தான் அந்த வீடு. பங்குக்கு இவ்வளவு என்று பிரித்துப் பராமரிக்கிற வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

மரத்தூள்:
விற்பதும் வைப்பதும் தனி விஷயம், வேறு இடத்தில் பேசுங்கள். ஆனால் அந்தத் தெருவில் பழைய பித்தளைத் திருகாணியும் கீலும் தேடினால் கிடைக்கும். அதற்காக வேண்டுமானால் போகலாம்.

குன்றக்குடி மயில்:
தம்பி, நான் கேட்ட ஒன்றுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. மேல் கீல் எப்படி இருக்கிறது? கதவின் எந்த மூலை உரசுகிறது? கைப்பிடி இருக்கிற பக்கத்துக் கீழ் மூலை என்றால் கதவு தொங்குகிறது என்று அர்த்தம். தொங்கினால் கோளாறு பெரும்பாலும் மேல் கீலில்தான் இருக்கும், கதவின் பாரமெல்லாம் அதைத்தான் வெளியே இழுக்கிறது. கீழ்க் கீல் நிலையோடு அழுந்திக்கொண்டு நிற்கும். அங்கே கைக்கு எட்டுகிறது என்பதற்காகப் போராட வேண்டாம். ஸ்டூல் போட்டு ஏறி, கதவை லேசாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். மேல் கீல் தகட்டுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடுகிறதா?

அடியில் இழைப்பது கடைசி வேலை. ஒருமுறை இழைத்த தேக்கு திரும்ப வராது. நாளைக்குக் கீலைச் சரிசெய்தால் அடியில் சந்து விழுந்து நிற்கும்.

வளவுக்கதவு:
ஆமாம், கைப்பிடிப் பக்கம்தான் உரசுகிறது. மேல் கீலில் ஒரு திருகாணி இல்லவே இல்லை. மற்றதெல்லாம் சும்மா சுழல்கிறது, இறுகவில்லை.

குன்றக்குடி மயில்:
அப்படியானால் கதவைக் கழற்றவே வேண்டாம். கீழ்க் கீலைத் தொடாதீர்கள்.

கதவைத் திறந்து வைத்து, கைப்பிடிப் பக்கம் அடியில் துணி சுற்றிய மர ஆப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் மெதுவாகத் தள்ளுங்கள். மேல் கீல் நிலையோடு சேர்ந்து உட்காரும் வரை தூக்கினால் போதும். ஆப்பின் கீழே சாக்கு போட்டுக்கொள்ளுங்கள், ஆச்சி சொன்ன கல் காரணமாக. மேல் கீலில் சுழல்கிற திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். ஓட்டைக்குள் காய்ந்த மூங்கில் சிம்பையோ தேக்குச் சிம்பையோ ஃபெவிகால் தடவி இறுக்கமாகத் தட்டி இறக்குங்கள். தீக்குச்சி வேண்டாம், மெது மரம், இவ்வளவு கனமான கதவுக்கு நிற்காது. வெளியே நீட்டுகிறதை உளியால் சீவிவிட்டு, ஒரு நாள் காய விடுங்கள். அப்புறம் ஆணியால் நடுவில் சின்னதாக வழி போட்டு, அதே பித்தளைத் திருகாணியைக் கொஞ்சம் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள். பித்தளை மெது உலோகம், வழி போடாமல் பலத்தைக் காட்டினால் கழுத்து முறிந்துவிடும். காணாமல் போன திருகாணிக்குப் பித்தளையே வாங்குங்கள், முடிந்தால் கால் அங்குலம் நீளம் கூடுதலாக.

தேவகோட்டை ரஸ்தா:
இது நல்ல வழி. மெழுகுக்குப் பதில் சோப்புத் தடவலாம்.

மரத்தூள்:
சோப்பு வேண்டாம். ஈரத்தை இழுக்கும். மெழுகுதான்.

தேவகோட்டை ரஸ்தா:
நான் சோப்புத் தடவிய திருகாணி இன்னும் நிற்கிறது.

அழகப்பாபுரம்:
எதைத் தடவினாலும் சரி, கடையில் இரும்பில் பித்தளை முலாம் பூசியதைக் கொடுத்துவிடுவார்கள். காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

வளவுக்கதவு:
சிம்பு வைத்து ஏற்றியாச்சு. உரசவில்லை. எல்லாருக்கும் நன்றி, வேலை நிறைய இருக்கிறது, வருகிறேன்.

ஆத்தங்குடிக் கல்:
சந்தோஷம் தம்பி. கோடு எவ்வளவு ஆழம் என்று பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ போடுங்கள். நிறம் தாண்டவில்லை என்றால் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தாலே பாதி மறைந்துவிடும்.

மரத்தூள்:
கீழ்க் கீலில் அந்த இரண்டு இரும்புத் திருகாணியையும் படைப்பு முடிந்த பிறகாவது எடுத்துவிடுங்கள். தலை முறிந்தால் பதற வேண்டாம். தகட்டை நகர்த்திவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் குறடால் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும்.