படம் வருது, சத்தம் வரல: கேம்கார்டர் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்களின் அனுபவங்கள்

லாஸ்பேட்டைக்காரர்:

கல்யாணம், காதுகுத்து, மாசிமகத் தீர்த்தவாரி என்று 20 வருஷத்துக்கு முன்னால் எடுத்த மினிடிவி (MiniDV என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டுகள் இப்போது புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறைய வெளியே வருகின்றன. ஏற்றிப் பார்த்தால் படம் இருக்கிறது, ஒலி இல்லை. உடனே ‘கேசட் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் கம்ப்யூட்டரை மறந்துவிடுங்கள். மஞ்சள் (படம்), வெள்ளை, சிவப்பு (ஒலி) வயரைத் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகி ஓட்டுங்கள். அங்கே சத்தம் கேட்டால் கேசட்டும் கேமராவும் நல்லபடி இருக்கின்றன, சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்த வயரைச் செருகியதும் பெரும்பாலான கேமராக்களில் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது, எந்த ஓட்டை வழியாக எடுக்கிறீர்கள் என்பது. மினிடிவி கேமராவில் இருக்கும் யூஎஸ்பி பல மாடல்களில் மெமரி கார்டு புகைப்படத்துக்காக வைத்தது. அதன் வழியே வீடியோ வந்தாலும் சின்னப் படமாக, ஒலி இல்லாமலோ மட்டமான ஒலியோடோ வரும். ஃபயர்வயர் என்ற வேறொரு ஓட்டை வழியாகத்தான் எடுக்க வேண்டும். சோனி கேமராவில் அதே ஓட்டைக்கு ஐ-லிங்க் என்று பெயர். படமும் ஒலியும் ஒரே வயரில், கேசட்டில் எழுதியிருப்பது எழுதியபடியே இறங்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். கேமரா பக்கம் 4 பின், கம்ப்யூட்டரில் போடும் ஃபயர்வயர் கார்டு பக்கம் 6 பின். இந்த 6 பின் முனையில் மின்சாரமும் வருகிறது. தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் போர்ட் எரிந்துவிடும், அதனால் கம்ப்யூட்டரையும் கேமராவையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோ பதிப்பில் ஃபயர்வயர் ஆதரவே கிடையாது.

முதுநகர் எடிட்டர்:

ஃபயர்வயரில் எடுத்தும் ஒலி வரவில்லை என்றால் மூன்று இடத்தைப் பார்க்கணும்.

மினிடிவியில் ஒலி இரண்டு விதமாகப் பதிவாகும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஸ்டீரியோ ஜோடி. 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் இரண்டு ஜோடி. இரண்டாவது ஜோடி பின்னால் பாட்டோ வர்ணனையோ சேர்ப்பதற்காகக் காலியாக விடப்பட்டது. கேமரா மெனுவில் ‘ஆடியோ மிக்ஸ்’ அந்த இரண்டாவது ஜோடிப் பக்கம் முழுக்கத் தள்ளியிருந்தால் தொலைக்காட்சியிலும் மௌனம்தான். முதல் ஜோடியான ‘எஸ்டி1’ பக்கம் கொண்டுவாருங்கள். ஃபயர்வயரில் இறங்கிய ஃபைலில் இரண்டு ஜோடியும் இருக்கும், மென்பொருள் எதை எடுக்கிறது என்று பார்க்கணும்.

அடுத்து, இறக்கிய வீடியோ ஃபைலின் ஏவிஐ வகை. டைப்-1 ஏவிஐயில் ஒலி தனியாக இல்லாமல் படத்தின் டிவி (DV) ஓடைக்குள்ளேயே பொதிந்திருக்கும். விர்ச்சுவல்டப் போன்ற மென்பொருள்கள் ஒலியைத் தனி ஓடையாகத்தான் தேடும். ஃபைலில் சத்தம் இருந்தும் அவற்றுக்குக் கேட்காது. விண்டிவி (WinDV) என்ற மென்பொருளில் எடுக்கிறவர்கள் அதன் கான்ஃபிக்கில் டைப்-2 என்று மாற்றிவிட்டு எடுங்கள்.

மூன்றாவதுதான் ரொம்பப் பேரைக் குழப்புவது. ஒரே கேசட்டில் பாதி 12 பிட், பாதி 16 பிட்டாக இருக்கும். நிச்சயதார்த்தத்தை ஒருவரும் கல்யாணத்தை இன்னொருவரும் எடுத்திருப்பார்கள். மென்பொருள் முதலில் பார்த்த ஒலி வேகத்தையே (32 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ்) ஃபைல் முழுக்க எழுதிவைக்கும். மாறும் இடத்திலிருந்து ஒலி போய்விடும், இல்லாவிட்டால் உதட்டசைவோடு சேராது. விண்டிவியில் ‘டிஸ்கன்டினியூட்டி’ அளவை 1 விநாடி என்று வைத்தால் பதிவு விட்டுத் தொடங்கும் இடங்களில் புது ஃபைல் ஆரம்பிக்கும். கேசட்டின் தொடக்கத்தில் இருக்கும் வெற்றுப் பகுதியிலிருந்தும் பிடிக்காதீர்கள். பதிவு ஆரம்பித்து இரண்டு மூன்று விநாடி கழித்துப் பிடியுங்கள்.

நெல்லித்தோப்பு மெக்கானிக்:

வயரைப் பற்றி நான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் காந்தி வீதியில் கிடைக்கும் 3.5 மி.மீ. நாலு வளைய வயர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வளையங்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெள்ளையில் படமும் மஞ்சளில் ‘ர்ர்ர்’ சத்தமும் வந்தால் மூன்று முனைகளையும் இடம் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும். எர்த் வளையமே வேறு இடத்தில் இருந்தால் எப்படி மாற்றினாலும் இரைச்சல்தான், அந்த வயர் உதவாது. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து மூன்று முனைகளின் வெளி உலோகமும் எந்த வளையத்தில் பேசுகிறது என்று பார்த்து, கேமராவோடு வந்த வயரோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

எஸ்-வீடியோ என்பது படத்துக்கு மட்டுமான வயர், அதில் ஒலி போகாது. வெள்ளையும் சிவப்பும் தனியாகப் போட்டே ஆகணும். கேனான் கேமராக்கள் சிலவற்றில் ஏவியும் ஹெட்போனும் ஒரே துளை. மெனு ஹெட்போனில் நின்றால் வெளியே சரியாக எதுவும் வராது.

நம்ம ஊர் உப்புக்காற்றில் ஜாக் உள்ளே களிம்பு ஏறிவிடும். ஒரு பக்க ஒலி மட்டும் வரும், வயரை அசைத்தால் மற்றதும் வரும். கான்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் லேசாக அடித்து, கேமராவை அணைத்த நிலையில் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். துளைக்குள் நேராக அடிக்க வேண்டாம், வழிந்து போர்டில் இறங்கும்.

மஞ்சக்குப்பத்துத் தம்பி:

அண்ணே, ஃபயர்வயர் கார்டு கிடைக்காதவர்களும் ஹை8, விஎச்எஸ் என்ற பழைய அனலாக் கேசட் வைத்திருப்பவர்களும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை யூஎஸ்பிக்கு மாற்றும் கேப்ச்சர் குச்சியைத்தானே வாங்குகிறார்கள், அதைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் குச்சி விண்டோஸுக்கு இரண்டு சாதனமாகத் தெரியும். படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. மென்பொருளில் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒலியை லேப்டாப் மைக்கிலேயே விட்டால் பதிவில் ஃபேன் சத்தம்தான் விழும். ஒலிக்கும் அந்த யூஎஸ்பி ஆடியோவையே தேர்ந்தெடுக்கணும்.

அதையும் செய்து ஒலி இல்லை என்றால் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் மைக்ரோஃபோன் போங்கள். குச்சியின் ஒலியையும் விண்டோஸ் மைக் என்றுதான் கணக்கில் வைக்கிறது. டெஸ்க்டாப் செயலிகளுக்கு மைக் அனுமதி அணைந்திருந்தால் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் வெறும் மௌனத்தைப் பதிவு செய்யும். டிரைவரை நாலு தடவை மாற்றிப் போடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஓபிஎஸ் (OBS) என்ற பதிவு மென்பொருளில் ‘கேப்ச்சர் ஆடியோ ஒன்லி’ என்று இருந்தால் பதிவில் ஒலி விழும், ஆனால் எடுக்கும்போது ஸ்பீக்கரில் கேட்காது. மீட்டரில் பச்சைக் கோடு ஆடினால் போதும், அரை நிமிஷம் பதிந்து போட்டுப் பாருங்கள்.

வெள்ளை, சிவப்பை ஒற்றைப் பின்னாக்கி லேப்டாப் ஹெட்செட் துளையில் செருகுவது வேண்டாம். அங்கே மைக்குக்கு நாலாவது வளையம் வேண்டும், ஸ்டீரியோ பின்னைப் போட்டால் அதை ஹெட்போன் என்று எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் நீலத் துளைதான் லைன்-இன். இளஞ்சிவப்பில் போட்டால் ஒலி பிளிறும்.

முத்தியால்பேட்டைக்காரர்:

கேசட் இல்லாத கேமராவிலும் இதே புகார் உண்டு, காரணம்தான் வேறு. ஏவிசிஎச்டி வகைக் கேமராவின் எம்டிஎஸ் (.MTS) ஃபைலிலும் ஜேவிசி எவெரியோவின் மாட் (.MOD) ஃபைலிலும் ஒலி பெரும்பாலும் டால்பி ஏசி-3 என்ற சுருக்க வடிவில் இருக்கும். அந்த டீகோடர் இல்லாத பிளேயரில் படம் மட்டும் ஓடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்ட கணினிகளில் ஏசி-3 கூடவே வருவதில்லை. விஎல்சியில் போட்டுப் பாருங்கள், கேட்டால் ஃபைல் நல்ல ஃபைல். எடிட்டிங்குக்கு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் படத்தை ‘காப்பி’ என்று தொடாமல் விட்டு, ஒலியை மட்டும் சுருக்காத பிசிஎம்முக்கு மாற்றி மூவ் (.mov) ஃபைலாக எடுங்கள். படத்தின் தரம் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

கார்டிலிருந்து எம்டிஎஸ்ஸை மட்டும் பொறுக்கி எடுக்காமல் ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். நீளமான பதிவை கேமரா 2 அல்லது 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டி வைக்கும். எடிட்டரில் துண்டுகளை ஒட்டினால் இணைப்பில் ஒலி ஒரு கணம் அறும். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் அறுந்தால் தாங்க முடியாது. கேமரா கம்பெனி மென்பொருளில் இறக்கினால் அதுவே இடைவெளி இல்லாமல் சேர்த்துக் கொடுக்கும்.

நெல்லித்தோப்பு மெக்கானிக்:

ஒலி வராவிட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். மினிடிவியில் படத்தையும் ஒலியையும் படிப்பது ஒரே ஹெட். அதனால் படம் சுத்தமாக இருந்து ஒலி அடியோடு இல்லை என்றால் ஹெட்டைத் தேய்த்துப் பயனில்லை. ஒலி விட்டு விட்டு வந்து, படத்திலும் கட்டம் கட்டமாக உடைந்தால்தான் அழுக்கு. கிளீனிங் கேசட்டை 10 விநாடி ஓட்டினால் போதும். பட்ஸை ஹெட் இருக்கும் சுழலும் டிரம் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பஞ்சு ஹெட்டில் மாட்டி முனை உடையும். எல்பி (அதிக நேரம் பதியும் மெதுவான) வேகத்தில் பதிந்த கேசட் என்றால் முடிந்தவரை பதிந்த அதே கேமராவிலேயே ஓட்டுங்கள்.

விஎச்எஸ்ஸில் கதை வேறு. ஹை-ஃபை ஒலி படத்தோடு டிரம்மில் படிக்கப்படுகிறது, சாதாரண ஒலி டேப்பின் ஓரத்தில் தனி ஹெட்டில். ஹை-ஃபை கரகரத்தால் டெக்கை ‘நார்மல்’ என்று மாற்றுங்கள். 2011 தானே புயலில் நனைந்த கேசட்டுகள் இன்னும் வருகின்றன. பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், ஹெட்டும் கெடும், அடுத்து போடும் கேசட்டுக்கும் ஒட்டும்.

லாஸ்பேட்டைக்காரர்:

கடைசியாக ஒன்று. தொலைக்காட்சியிலும் இல்லை, ஆடியோ மிக்ஸை மாற்றியும் இல்லை, வேறொரு கேசட் அதே கேமராவில் நன்றாகப் பேசுகிறது என்றால் அந்தக் கேசட்டில் ஒலி பதிவாகவே இல்லை. வெளி மைக்கைச் செருகியதும் கேமராவின் மைக் அடங்கிவிடும். வெளி மைக்கின் செல் தீர்ந்திருந்தாலோ சுவிட்ச் அணைந்திருந்தாலோ முழு நிகழ்ச்சியும் மௌனமாகப் பதிந்திருக்கும். எந்த மென்பொருளும் அதை மீட்காது. வீட்டுக்காரர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு இரண்டாவது கேமரா வைத்திருந்தார்களா, நாதஸ்வரக் கச்சேரியைத் தனியாக ஆடியோ கேசட்டில் பதிந்தார்களா என்று கேளுங்கள், சில வீடுகளில் இருக்கும். கேசட் லேபிளில் ‘ஒலி இல்லை, பார்த்தாச்சு’ என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அடுத்து வாங்கிப் பார்ப்பவர் மறுபடியும் ஓட்டித் தேய்க்க வேண்டாம்.